தட்டச்சில் ஏறிய தமிழ்

பினாங்குத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கித் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோரில் பலர், ஊருக்குக் கடிதம் போடவும் துரைக்கு மனுக் கொடுக்கவும் எழுதத் தெரிந்தவரை நாடினார்கள். ஆங்கில மனுவைத் தட்டச்சுப் பொறியில் அடிக்கலாம். தமிழ் மனுவைக் கையால்தான் எழுத வேண்டும். இந்தக் குறை தீர்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் 1874ஆம் ஆண்டு தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விசையைத் தட்டியதும், தாளைத் தாங்கிய உருளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நகரும். ஆகவே, ஒல்லியான எழுத்துக்கும் அகன்ற எழுத்துக்கும் கிடைப்பது ஒரே அளவு இடந்தான். தமிழில் 'ர' குறுகியது, 'ண' அகன்றது. இரண்டையும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடக்க வேண்டும். மேலும், தமிழில் எழுத்துகள் 247. பொறியில் இருந்த விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த இரா. முத்தையா. 1907இல் மலாயாவுக்கு வந்த அவர், ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தார். கொம்பையும் காலையும் தனி விசைகளாக்கினால், அவற்றைப் பல எழுத்துகளோடு சேர்த்துக்கொள்ளலாம். 'கொ' என்பதற்குக் கொம்பு, 'க', கால் என மூன்று தட்டுகள் போதும். ஆனால், புள்ளியும் விசிறியும் எழுத்தின் மேலேயே அமைய வேண்டும். உருளை நகர்ந்துவிட்டால் அவை தள்ளி விழும். அதனால், தட்டினாலும் உருளையை நகர்த்தாத விசையை அவர் அமைத்தார். முதலில் புள்ளி, பிறகு எழுத்து. இரண்டும் ஓரிடத்தில் பொருந்தின. முதலாம் உலகப் போருக்குப் பின், ஜெர்மனியின் சைடல் அண்டு நௌமன் நிறுவனம் இப்பொறியைச் செய்து தந்தது.

ஓரளவு இடத்தால் நன்மையும் உண்டு. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கும். சம்பளக் கணக்கில் ஓர் இலக்கம் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். தலைப்பைத் தடித்த எழுத்தில் காட்ட, அதே இடத்தில் இருமுறை அடித்தார்கள்.

இவ்வகை எழுத்து இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. கடப்பிதழில் படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். இரண்டு வரிகள், வரிக்கு 44 இடங்கள். எழுத்துகளின் முனையில் குறுங்கோடுகள் இல்லை, இடைவெளி எங்கும் ஒரே அளவு. சுவிட்சர்லாந்தின் ஏட்ரியன் ஃபுருட்டிகர் 1968இல் வடிவமைத்த எழுத்து அது. இயந்திரமும் மனிதரும் பிழையின்றிப் படிப்பதற்காகவே அப்படி அமைந்தது.

பிறகு கணினி வந்தது. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பிறர் மொழிக்காகச் செய்த பொறியில் தமிழுக்கு இடமில்லை என்று முத்தையா ஒதுங்கிவிடவில்லை. அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதற்கு வழி கண்டார். நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை அடிக்கும்போது இந்த உழைப்பையும் சொல்லிக் கொடுப்போம்.