மூன்றாவது துளை



போன வாரம் பூதப்பாண்டி பக்கத்திலுள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டில் வயரிங் மாற்றினோம். வயர்மேன் கழற்றிப் போட்ட தேக்குப் பட்டைகளைப் பார்த்ததும் இதை எழுதத் தோன்றியது.

நம் ஊர் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. திருவனந்தபுரத்தில் 1929-லேயே மின்விளக்கு எரிந்தது. மூணாறு அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் ஓடத் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழகத்தோடு சேர்ந்தோம். மறு வருடம் இங்கே மின்சார வாரியம் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. திண்ணையில் ஒரு பல்பு, அரங்கில் ஒன்று, அடுக்களையில் ஒன்று. அவ்வளவுதான்.

அந்தக் கால வயரிங்கைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். மரப்பட்டையில் இரண்டு பள்ளம் எடுத்து, பள்ளத்துக்கு ஒரு வயர் வைத்து, மேலே மெல்லிய பட்டையால் மூடிவிடுவார்கள். கேசிங் கேப்பிங் என்று பெயர். செம்புக் கம்பியின் மேல் ரப்பர், அதன் மேல் நூல் பின்னல். வட்டக் கட்டையில் உருண்டைச் சுவிட்ச். பீங்கான் ஃபியூஸ். ரப்பர் வருடம் போகப் போகக் காய்ந்து உதிரும். இப்போது கழற்றியபோது விரல் பட்டதுமே பொடியாகக் கொட்டியது.

பள்ளம் இரண்டுதான் என்பதைக் கவனியுங்கள். கரண்ட் வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று. பல்புக்கு அது போதும் என்று நினைத்த காலம். இஸ்திரிப்பெட்டி வந்தபோது பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே மாட்டினார்கள்.

மூன்றாவது முள் எர்த்துக்கு. மூன்று உருண்டை முள் கொண்ட பிளக்குக்கு பிரிட்டன் 1934-இல் பி.எஸ். 546 என்று தரம் வகுத்தது. 5 ஆம்பியருக்குச் சிறியது, 15 ஆம்பியருக்குப் பெரியது. நாமும் அதையே எடுத்துக்கொண்டோம். இன்று 6, 16 என்கிறோம். பிரிட்டன் 1947-இல் சப்பட்டை முள்ளுக்குத் தரம் வகுத்து மெல்ல மாறிவிட்டது. நாம் மாறவில்லை. துபாயிலிருந்து வருகிறவர்களின் சார்ஜர் நம் சுவரில் நுழையாததற்குக் காரணம் இதுதான்.

எர்த் முள் மட்டும் ஏன் தடித்து நீண்டிருக்கிறது? கரண்ட் முள் தொடும் முன்பே அது தொட வேண்டும். கழற்றும்போது கடைசியாக விட வேண்டும். தடிப்பாக இருப்பதால் வேறு துளையில் நுழையாது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். 1986-இல் வெட் கிரைண்டர் வாங்கினேன். அதற்காக மூன்று துளை பிளக் பாயிண்ட் வைக்கச் சொன்னேன். "எர்த் வயர் தனியா இழுக்கணும் டீச்சர், குழி தோண்டி கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கணும், கொஞ்சம் செலவாகும்" என்றார் வயர்மேன். "பிறகு பார்ப்போம்" என்றேன். மூன்றாவது துளை வெறும் ஓட்டையாகவே இருந்தது.

ஒரு மழைநாள். அம்மை ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மாவை வழித்தாள். மோட்டாரில் கசிந்த கரண்டுக்கு மண்ணுக்குப் போக வேறு வழி இல்லை. அம்மையின் உடம்பு வழியாகப் போனது. தூக்கி எறிந்ததால் பிழைத்தாள். அதன்பின் சாகும்வரை அவள் சுவிட்சைக் கையால் தொடவில்லை, கம்பால்தான் தட்டுவாள். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

எர்த் வயர் இருந்திருந்தால் கசிந்த கரண்ட் அதன் வழியே மண்ணுக்குப் போயிருக்கும், ஃபியூஸும் போயிருக்கலாம். வகுப்பில் இதைப் பாடமாக நடத்தியவள் நான். என் வீட்டில் செய்யவில்லை.

மக்களே, சுவரில் மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். பழைய வீட்டில் அப்பா அம்மை இருந்தால், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடுங்கள். எர்த் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் சொருகும் பழக்கத்தை விடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது வயர் ஓடுகிறது. பார்க்க அம்மைதான் இல்லை.