எந்தக் கல்லூரி? எழுத்தைக் கேளுங்கள்

ப்ளஸ் டூ முடிவு வந்தால் போதும், எங்கள் புதுச்சேரியில் தெருவுக்கு இரண்டு பெற்றோர் கேட்கிறார்கள்: "ஐயா, பிள்ளை டி.டி.பி., டிஜிட்டல் இமேஜிங் டிசைன் படிக்கணும் என்கிறான். எந்தக் கல்லூரி நல்லது?" நான் படித்தது பிரெஞ்சு வழியில், செய்தது குமாஸ்தா வேலை. ஆனால் பணிக்காலத்தில் புரூஃப் தாள்களோடு அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடந்தே செருப்புத் தேய்ந்தவன். அந்த உரிமையில் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன்.

1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, இங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்கு எடுத்துப் போனார்கள். அது வேப்பேரியில் ஃபெப்ரீசியஸ் பாதிரியார் கைக்கு வந்தது. அவர் தமிழ் அறிந்தவர். அங்கிருந்து 1779-ல் தமிழ்–ஆங்கில அகராதியே வெளிவந்தது. இயந்திரம் ஒன்றுதான், அதற்குப் பயன் தந்தது மொழி அறிவு.

நாம் பார்த்த அச்சகம் நினைவிருக்கும். ஈய எழுத்துப் பெட்டி முன் நின்று, எழுத்தைத் தலைகீழாகப் படித்து அடுக்குவார் கம்பாசிடர். கொம்பும் காலும் இடம் மாறினால் அவர் கண்ணுக்கு உடனே தெரியும்.

பிறகு 1985-ல் ஆப்பிள் மெக்கின்டாஷ், லேசர்ரைட்டர், ஆல்டஸ் பேஜ்மேக்கர் மூன்றும் சேர்ந்தன. அச்சகம் மேசை மேல் வந்துவிட்டது. 1990-ல் ஃபோட்டோஷாப் வந்தது. இருட்டறை வேலை திரைக்கு மாறியது. 1999-ல் இன்டிசைன் வந்தது. 2001-க்குப் பிறகு பேஜ்மேக்கருக்குப் புதிய பதிப்பே இல்லை. அதை மட்டுமே மூன்று மாதத்தில் கற்றவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

தமிழுக்கு இன்னொரு தொல்லை. அந்த நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. தொண்ணூறுகளில் எங்கள் சங்கம் போட்ட ஆண்டு மலரின் கோப்பை இன்று திறந்தால் வெறும் கிறுக்கல்தான். அதில் எழுதிய மூத்தவர்கள் பலர் இன்று இல்லை. காகிதப் பிரதி இருப்பதால் அவர்கள் எழுத்து பிழைத்தது. யூனிகோட் பரவிய பிறகுதான் இந்தக் கஷ்டம் குறைந்தது.

பாரிஸில் 1889-ல் தொடங்கிய எஸ்தியேன் பள்ளியில் இன்றும் நூல் கட்டுமானமும் உலோகத்தில் செதுக்கும் கலையும் கணினி வடிவமைப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பழைய கை புதிய கருவிக்கு எதிரி இல்லை என்பது அவர்கள் கணக்கு.

ஆகவே கல்லூரிக்குப் போனால் கணினிகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அங்கீகாரம் உண்டா, பட்டமா வெறும் சான்றிதழா என்று முதலில் பாருங்கள். பிறகு கேளுங்கள்: எழுத்து வடிவமும் வரி இடைவெளியும் சொல்லித் தருகிறீர்களா? தமிழ் யூனிகோடில் பயிற்சி உண்டா? திரையில் தெரியும் நிறம் காகிதத்தில் ஏன் மங்குகிறது என்று மாணவர் அச்சடித்துப் பார்க்க வழி உண்டா? புரூஃப் திருத்தக் கற்றுத் தருவது யார்? கடைசியாக, மூன்றாம் ஆண்டு மாணவர் செய்த ஒரு புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். விளம்பரத் தாள் சொல்லாததை அது சொல்லிவிடும்.