பால்மர நிரையிலிருந்து கணினி நிரலுக்கு

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் உருவானது. 1896-ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் நட்ட கன்றுகள் அந்தத் தொடக்கத்தைச் செய்தன. அடுத்து புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அந்தத் தோட்டங்களின் லயங்களில் குடியேறினர்.

சரியாக நூறாண்டுகள் கழிந்தன. 1996-ஆம் ஆண்டு நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகமாக யுனிவர்சிட்டி டெலிகோம் அமைந்தது. அதன் இடமும் மலாக்காதான்; புக்கிட் பெருவாங். 1999-ல் அது மல்டிமீடியா பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. 2000-ஆம் ஆண்டு தோன்றிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரி, 2007-ல் முழுப் பல்கலைக்கழகமாகி டுரியான் துங்காலில் வளர்ந்தது. ரப்பர் வந்தபோது தமிழர் பால்மரம் வெட்டினர். கணினி வந்தபோது தமிழர் பிள்ளைகள் என்ன செய்தனர்? அவர்கள் கணினியைப் பயன்படுத்துவோரா, கணினிக்குக் கட்டளை எழுதுவோரா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் வந்தன. ஆனால் எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற அளவோடு பலருக்குப் படிப்பு நின்றது. பெரட்டுக் களத்தில் சொல்லும் கட்டளையைப் புரிந்துகொள்ள அது போதும். கட்டளையிடும் இடத்துக்குப் போக அது போதாது. பிற்காலத்துக் கணினி வகுப்புகளிலும் இதே குறை தொடர்ந்தது. தட்டச்சு செய்யவும் படம் வரையவும் கற்றுத் தந்தார்கள். அந்தத் தட்டச்சுச் செயலி எப்படி உருவானது என்ற கேள்விக்கு வகுப்பில் இடமில்லை.

நிரலாக்கம் கணித மேதைகளுக்கு மட்டுமே உரியது என்ற அச்சம் உலகெங்கும் இருந்தது. அதை உடைக்கவே 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் பேசிக் மொழியை உருவாக்கினர். அறிவியல் படிக்காத மாணவரும் கணினிக்குக் கட்டளை எழுத வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். மலேசியாவிலோ 1966-ல்தான் தேசிய மின்சார வாரியம் நாட்டின் முதல் கணினியைப் பயன்படுத்தியது. பின்னர் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையமொன்றில் கீடோ வான் ராசம் 1989-ன் இறுதியில் பைத்தான் மொழியைத் தொடங்கி, 1991-ல் வெளியிட்டார். கற்பிப்பதற்கென்றே உருவான ஏபிசி என்ற மொழியின் தாக்கம் அதில் உண்டு. கணக்குப் போடுவது முதல் இணையத்தளம் அமைப்பது வரை பல வேலைகளுக்கும் பயன்படும் பொதுமொழி அது.

இதன் அடிப்படை தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. காய்ந்திருந்தால் முதல் மரத்தில் தொடங்க வேண்டும். பட்டையைச் சீவி, மங்கைச் சரிசெய்து, அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். நிரையின் கடைசி மரம் வரை இதையே செய்ய வேண்டும். 'நனைந்திருந்தால்' என்பது நிரலாக்கத்தில் நிபந்தனை. 'கடைசி மரம் வரை' என்பது மடக்கு. பால் நிறுக்கும் இடத்தில் கிராணி, பெயருக்கு நேரே எடையைக் குறித்தார். பெயர் அப்படியே இருக்கும். எடை நாளுக்கு நாள் மாறும். நிரலில் இதுதான் மாறி. மாறி, நிபந்தனை, மடக்கு ஆகிய மூன்றும் விளங்கிவிட்டால் எந்த நிரல்மொழிக்கும் வாசல் திறந்துவிடும்.

ஆங்கிலம் தடையாகுமே என்று பெற்றோர் தயங்குவதுண்டு. பைத்தானின் கட்டளைச் சொற்கள் மொத்தம் 35தான். தமிழின் 247 எழுத்துகளைக் கற்ற பிள்ளைக்கு 35 சொற்கள் ஒரு சுமையா? 2008-ல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்கு எடை, விலை, கூலி என்று தமிழிலேயே பெயரிட முடியும். எடையை விலையால் பெருக்கிக் கூலியைக் காட்டும் நிரல் மூன்று நான்கு வரிகளில் முடிந்துவிடும். கட்டளைச் சொற்களே தமிழில் அமைந்த 'எழில்' என்ற நிரல்மொழியை முத்தையா அண்ணாமலை 2009-ல் ஆய்வுரை வழி அறிமுகம் செய்தார். 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் காட்டும்; 'ஆனால்' என்பது அதில் நிபந்தனை.

தோட்டப்புறத்திலிருந்து இது முடியுமா என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. சிலாங்கூரின் கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1980-களிலேயே தமிழைக் கணினியில் ஏற்றும் பணியைத் தொடங்கினார். அவருடைய முரசு அஞ்சல் செயலி கடல் கடந்தும் தமிழரிடம் சேர்ந்தது. 2001-ல் உலகத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது.

2017-ல் இடைநிலைப்பள்ளி முதல் படிவத்தில் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் அறிமுகமானது. மூன்றாம் படிவத்தில் பைத்தானும் இடம்பெற்றது. ஆனால் எல்லாருக்கும் அது கிடைக்கவில்லை. அந்தப் பாடம் அல்லது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என இரண்டில் ஒன்றுதான். எது என்பதைப் பல இடங்களில் பள்ளியின் ஆசிரியர் பலமும் கணினி வசதியும் முடிவு செய்தன. அந்த வாய்ப்பு அமையாத பள்ளிக்குச் சென்ற பிள்ளை, ஆர்வம் இருந்தும் நிரல் எழுதாமலே படிவங்களைக் கடந்தது.

ரப்பர் நிரைகள் பல செம்பனைக்கு வழிவிட்டன. குடும்பங்கள் ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் அலோர் காஜாவுக்கும் பெயர்ந்தன. லயம் போன பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் மலாக்காவில் உண்டு. பள்ளியில் பாடம் இல்லையென்றால் கோவில் மண்டபத்தில் வார இறுதி வகுப்பு நடத்தலாம். பைத்தான் இலவசம், பழைய கணினியே போதும். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பிள்ளை தானே எழுதி, பிழை கண்டு, தானே திருத்த வேண்டும். ஒரு நிறுத்தக்குறி விடுபட்டாலும் கணினி மறுக்கும். அது தோல்வியல்ல, பாடத்தின் பாதி. பெரட்டுக் களத்தில் கட்டளைக்குக் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டளை எழுதக் கற்கட்டும். புக்கிட் பெருவாங் பல்கலைக்கழக வாசல் ஜாசினிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.