சாவும் சாதலும்: ‘மரண அண்மை அனுபவம்’ – ஒரு சொல்வரலாறு

இறப்பின் விளிம்புவரை சென்று மீண்டோர் கூறும் அனுபவங்கள் மறுமைக்குச் சான்றாகுமா என்னும் வினா, மருத்துவத்திற்கும் மெய்யியலுக்கும் உரியதாகவே பெரிதும் கருதப்படுகிறது. ஆயின், அவ்வனுபவத்திற்கு இடப்பட்ட பெயர்களும் அவற்றின் மொழிபெயர்ப்புகளும் விவாதத்தின் போக்கோடு நெருங்கிய தொடர்புடையன.

1871-இல் ஆல்ப்ஸ் மலையில் தவறி வீழ்ந்து உயிர்தப்பிய சுவிட்சர்லாந்து நிலவியல் அறிஞர் ஆல்பெர்ட் ஹைம், தம்மைப் போன்றோரின் கூற்றுகளைத் தொகுத்து 1892-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அச்சமின்மை, எண்ணத் தெளிவு, கடந்தகாலக் காட்சிகள் ஆகியன அவற்றுள் காணப்பட்டன. கட்டுரையின் தலைப்பு ‘சாவு’ எனக் குறித்தது, கூறியோரோ பிழைத்தவர்கள். 1972-இல் ரஸ்ஸல் நாய்ஸ், ராய் கிளெட்டி ஆகியோர் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, தலைப்பில் ‘சாதல்’ எனப் பொருள்படும் சொல் இடம்பெற்றது. முடிந்த நிலையைச் சுட்டிய பெயர், நிகழும் செயலைச் சுட்டும் பெயராயிற்று.

1975-இல் அமெரிக்கரான ரேமண்ட் மூடி தம் நூலின்வழி ‘மரண அண்மை அனுபவம்’ என்னும் பொருளுடைய தொடரைப் பரவலாக்கினார். ‘அண்மை’ என்பது எல்லை கடக்கப்பட்டதாகக் கூறுவதில்லை. மறுமையை மெய்ப்பிக்க முயலவில்லை என்று மூடியும் குறிப்பிட்டார். எனினும், நூலின் தலைப்பு வாழ்விற்குப் பிந்தைய வாழ்வையே சுட்டியது.

இந்தியச் சான்றுகள் வேறு சொற்களஞ்சியத்தைக் காட்டுகின்றன. பெங்களூரைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் அயன் ஸ்டீவன்சனும் 1986-இல் 16 நிகழ்வுகளை வெளியிட்டனர். தூதர் அழைத்துச் செல்லுதல், ஏட்டைப் பார்த்தல், ஆள் மாறியமை அறிந்து திருப்பியனுப்புதல் ஆகியன அவற்றில் இடம்பெற்றன. மேலைநாட்டுக் கூற்றுகளில் வரும் ‘சுரங்கப்பாதை’ கண்ட காட்சியா, இருளைக் கடந்தமைக்குக் கூறுவோர் தேர்ந்த உவமையா என்னும் வினாவை ஆலன் கெல்லஹியர் பின்னர் எழுப்பினார்.

2001-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்ட 344 நோயாளருள் 62 பேர் இத்தகைய அனுபவத்தைக் கூறினர். உயிர்வளிக் குறைவு மட்டுமே காரணமாயின் பெரும்பாலோர்க்கு இது நேர்ந்திருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் வாதம். நினைவு உருவான நேரம் எதுவென நிறுவப்படவில்லை என்பது மறுப்போர் வாதம். 2022-இல் சாம் பார்னியா முதலியோர் ‘நினைவுகூரப்படும் மரண அனுபவம்’ எனும் பொருள்படும் பெயரை முன்வைத்தனர். இதில் ‘அண்மை’ நீங்கியது. விவாதத்திற்குரிய முடிபு ஒன்று பெயரிலேயே இடம்பெற்றது.

தமிழாக்கத்திலும் இவ்வேறுபாடு பேணத்தக்கது. ‘மறுமை அனுபவம்’ என்பது ஒரு தரப்பின் முடிபை ஏற்பது. ‘மரணப் பிரமை’ என்பது மறுதரப்பின் முடிபை ஏற்பது. ‘மரண அண்மை அனுபவம்’ என்பதோ இருதரப்பாரும் ஏற்கும் செய்தியை மட்டுமே கூறுகிறது. எனவே, 1975-ஆம் ஆண்டுத் தொடரை அவ்வாறும், 2022-ஆம் ஆண்டுப் பெயரை ‘அண்மை’ சேர்க்காமலும் பெயர்த்தலே மூலத்திற்கு இயைந்ததாகும்.