ஒரு மடிக்கணினி, இரு இயங்குதளங்கள்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. குஜிலியம்பாறைச் சுற்றுவட்டாரத்து மானாவாரி உழவர் வீடுகளுக்கும் அக்கருவி வந்து சேர்ந்தது. அதனுள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஒன்று, மைய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மற்றொன்று. எதில் நுழைய விருப்பம் என்று திரை கேட்கும். நானறிந்த பிள்ளைகள் அனேகமாக விண்டோஸையே தேர்ந்தனர்.

இவ்விரண்டின் வேறுபாட்டை விலையைக் கொண்டே பலர் அளக்கின்றனர். அது போதாது. மென்பொருளை விலையின்றிப் படியெடுப்பது திருட்டு என்று 1976இல் பில் கேட்ஸ் திறந்த மடல் எழுதினார். உழைத்தவன் கூலி கேட்பதில் தவறென்ன என்ற அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் எழுப்பிய வினா வேறு: என் வீட்டுக் கருவிக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்கவும் திருத்தவும் எனக்கு உரிமை உண்டா? 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டபின், அவ்வுரிமை முழுமையான இயங்குதளமாக உருப்பெற்றது. மூலநிரல் திறந்திருந்தமையால், எவர் அனுமதிக்கும் காத்திராமல் தமிழ்த் தன்னார்வலர் லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கினர்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளும் அன்று முதல் பாதுகாப்பற்றவையாயின. உரியவர் கதவை மூடினால் வேறெவரும் உள்ளே சென்று பழுதுபார்க்க வழியில்லை. அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழக அரசு அப்போது அறிவுறுத்தியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராயிருந்த காலத்தில், எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக்காட்டியிருந்தது.

அப்படியிருந்தும் பள்ளிப் பிள்ளைகளிடம் அது ஏன் வேர்கொள்ளவில்லை? அண்டையிலுள்ள கேரளத்தில், 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, பாடநூலையும் தேர்வையும் கட்டற்ற மென்பொருளின்மீதே அமைத்தது. இங்கே கருவி தாராளமாக வந்தது; இரண்டாம் வாசலைத் திறந்து காட்ட ஆளில்லை. வேலை தரும் இடங்களும் விண்டோஸ் தெரியுமா என்றே கேட்டன (பிள்ளைகளை நோவதில் பொருளில்லை). திரைப்படங்களைச் சேமிக்க இடம் போதவில்லையென்று, கடையில் கொடுத்து பாஸ் லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவாங்கியவர்களும் உண்டு.