புகைத்தல் தடை: உரிமையாளர் விருப்பும் சட்டத்தின் ஆணையும்

தம் கடையினுள் புகைத்தலை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதை உரிமையாளரே தீர்மானிக்கவேண்டும் என்னும் வாதம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. கடை அவருடையது, புகையை விரும்பாதோர் வேறிடம் நாடலாம் என்பதே அவ்வாதத்தின் சாரம். புகைத்தல் புகைப்பவருக்கு மட்டுமே கேடு எனக் கருதப்பட்டவரை அது வலுவுடையதாகவே தோன்றிற்று.

1981ஆம் ஆண்டில் அதன் அடித்தளம் ஆட்டங்கண்டது. யப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிரயாமா, புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் அவதானித்து, கணவர் மிகுதியாகப் புகைத்தவிடத்து மனைவியரிடையே நுரையீரற் புற்றுநோய் மரணங்கள் கூடியிருந்தமையை எடுத்துக்காட்டினார். பிறர்விடும் புகையும் கேடு எனின், உணவகமொன்றில் முதலிற் பாதிக்கப்படுபவர் நாள்முழுதும் அங்கு நின்று பரிமாறும் தொழிலாளியே. வாடிக்கையாளர் எழுந்து செல்லலாம், தொழிலாளி செல்லவியலாது. இந்நோக்கிலேயே அயர்லாந்து 2004 மார்ச் 29ஆம் திகதி முதல், மதுச்சாலைகள் உட்பட மூடிய வேலைத்தலங்களிற் புகைத்தலைத் தடைசெய்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003இல் உறுதிப்படுத்திய இலங்கை, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் மூடிய பொதுவிடங்களிற் புகைத்தலை மட்டுமன்றி, பிறரைப் புகைக்க அனுமதித்தலையும் தடுத்தது. இதனால் உரிமையாளரின் விருப்புரிமை கடமையாக மாறியது. எனினும், 30 அறைகளேனும் உடைய விடுதிகளும், 30 இருக்கைகளேனும் கொண்ட உணவகங்களும், விமான நிலையங்களும் புகைப்போர்க்கெனத் தனியிடம் ஒதுக்க அச்சட்டம் இடமளித்தது.

இவ்விலக்கே ஆராயத்தக்கது. காலி வீதியில் வெள்ளவத்தை தொடக்கம் இரத்மலானை வரையுள்ள சிறு சாப்பாட்டுக்கடை முதலாளிக்கு மறுக்கப்பட்ட தெரிவு, காலிமுகத்திடலை அண்டிய பெருவிடுதிக்கு வழங்கப்பட்டது. புகையோ கதிரைகளை எண்ணிப் பரவுவதில்லை. தனியறைகளும் காற்றோட்ட வசதிகளும் போதிய பாதுகாப்பளிக்கமாட்டா என்பதைச் சமவாய நாடுகள் 2007இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டல்களும் வலியுறுத்தின.

உரிமையாளர் பலர் தாமாகத் தடைவிதிக்கத் தயங்குவதற்குக் காரணம், வாடிக்கையாளர் அயற்கடைக்குச் சென்றுவிடுவர் என்னும் அச்சமே. யாவருக்கும் ஒன்றான சட்டம் அவ்வச்சத்தை அகற்றும். விலக்குகள் அதனை மீண்டும் புகுத்தும். ஆகவே, இவ்விடயத்தில் தீர்ப்புச் சட்டத்தினதாகவே இருத்தல்வேண்டும். அச்சட்டமும் சிறுகடைக்கும் பெருவிடுதிக்கும் ஒரே அளவுகோலைக் கொண்டதாதல் வேண்டும். சிறுகடையிற் பரிமாறுபவரின் உயிரும் பெருவிடுதியிற் பரிமாறுபவரின் உயிரும் ஒரே பெறுமதி உடையனவன்றோ?