பொத்தானை அழுத்தும் வேலையா?



சில வாரங்களுக்கு முன்பு, எங்கள் பள்ளியில் குறுக்கோட்டப் பயிற்சி நடந்தபோது நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவன் தந்தைக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிவிட்டு, மாணவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ஊடுகதிர் அறையில் இருந்த இளம்பெண் அவனது கையை முதலில் தகட்டின் மேல் தட்டையாக வைத்து ஒரு படமும், பின்னர் பக்கவாட்டில் திருப்பி வைத்து ஒரு படமும் எடுத்தார். ஐந்து நிமிடங்களில் வேலை முடிந்தது.

வெளியே வந்ததும் அந்தத் தந்தை என்னிடம் கேட்டார்: "ஒரு பொத்தான அமுக்குறதுக்கு மூணு வருசப் படிப்பா சார்?"

கேள்வி சும்மா பிறந்ததன்று. அவருடைய மூத்த மகள் ஊடுகதிர்ப்படத் துறையில் டிப்ளோமா பயில விரும்புகிறாள். மருத்துவர் ஆகவேண்டும், இல்லையேல் கணக்காளர் ஆகவேண்டும் என்பது தந்தையின் முடிவு. இடையில் இருக்கும் நூறு தொழில்கள் நம் பெற்றோர் பலருக்குக் கண்ணில் படுவதில்லை. (இதில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. 'வளர்ந்ததும் என்ன ஆவாய்?' என்று கேட்டுவிட்டு, 'டாக்டர்' என்றதும் கைதட்டுபவர்கள் நாம்தாமே!) அன்று அந்தத் தாழ்வாரத்தில் எனக்குச் சரியான விடை கிடைக்கவில்லை. வீடு திரும்பிப் பழைய வரலாற்றைப் புரட்டியபோது கிடைத்தது.

1895 நவம்பர் 8ஆம் நாள், செருமனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்லெம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த மாதம் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும் விரலில் கிடந்த மோதிரமும் அதில் தெரிந்தன. இக்கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. ஆனால், கருவி கிடைத்துவிட்டால் போதுமா? அதை இயக்குபவர் யார்? இயக்கக் கற்றுக்கொடுப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு உலகம் விடை காணப் பல்லாண்டுகள் ஆயின.

பாரிஸ் நகரில் அந்துவான் பெக்லேர் என்னும் மருத்துவர், 1897இல் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு மருத்துவமனையொன்றில் ஊடுகதிர்க் கருவியை நிறுவினார். பிற மருத்துவர்களுக்குப் பாடமும் நடத்தத் தொடங்கினார். மருத்துவர் ஒருவர் புகைப்படக்காரர் ஆகிவிட்டாரே என்று சக மருத்துவர்கள் முகம் சுளித்தனர். நம் தந்தையின் கேள்விக்கு நூறாண்டு கடந்த பழைமை இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. குண்டுச் சிதறல்கள் உடலில் புதைந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தனர். சிதறல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கத்தியை வைத்தால், தேடும் வேலையிலேயே உயிர் போய்விடும். ஊடுகதிர்க் கருவிகளோ பெருநகர மருத்துவமனைகளில்தான் இருந்தன. போர்முனையில் மின்சாரமே இல்லை.

இந்த இடத்தில்தான் மேரி கியூரி அம்மையார் வருகிறார். 1903, 1911 ஆகிய ஆண்டுகளில் இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்றுவிட்டவர், வயது நாற்பத்தாறு. ரேடியத்தில் கரைகண்டவரேயன்றி மருத்துவப் படமெடுப்பில் பழக்கமில்லாதவர். அவர் மறுபடியும் மாணவியாக உட்கார்ந்தார். ஊடுகதிர்ப் படமெடுப்பையும் உடற்கூற்றையும் கற்றார். மோட்டார் வாகனத்தைப் பழுதுபார்க்கப் பழகினார். 1916இல் வாகன உரிமமும் எடுத்தார். பிரெஞ்சுப் பெண்கள் சங்கம் ஒன்று முதல் வண்டிக்குப் பணம் கொடுத்தது. வண்டியின் இயந்திரமே டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தரும். அந்த மின்சாரத்தில் ஊடுகதிர்க் குழாய் இயங்கும். சன்னல்களுக்குக் கறுப்புத் திரையைக் கட்டிவிட்டால் எந்தக் கொட்டகையும் படமெடுக்கும் அறையாகிவிடும். இவ்வாறு இருபது வண்டிகளையும் ஏறத்தாழ இருநூறு நிலையான ஊடுகதிர் அறைகளையும் அவர் அமைத்தார். வீரர்கள் அவ்வண்டிகளுக்குச் 'சின்னக் கியூரிகள்' என்று பெயர் வைத்தனர்.

வண்டிகள் கிடைத்தன; ஆள் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர்கள் மிகச் சிலரே. எனவே 1916இல் பாரிஸில் பெண்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைக் கியூரி தொடங்கினார். சில வாரங்களே நீடித்த அந்தப் படிப்பில் மின்சாரம், ஊடுகதிரின் இயல்பு, உடற்கூறு, தகடு கழுவுதல் ஆகியவை பாடங்கள். போர் முடிவதற்குள் சுமார் 150 பெண்கள் தேறி வெளியே வந்தனர். எல்லாரும் அறிவியல் படித்தவர்கள் அல்லர். வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த ஒருத்தி முதன்முறையாகத் தகட்டைத் தேர்ந்த கைவண்ணத்தோடு கழுவி எடுத்துக் காட்டும்போது அம்மையார் அடைந்த மகிழ்ச்சியை அவருடைய இளைய மகள் ஏவ் பதிவு செய்திருக்கிறார். இரண்டு நோபல் பரிசு பெற்றவர், மின்கம்பியைக் கையால் தொட்டறியாத பெண்களுக்கு முதல் பாடம் நடத்துகிறார். பின்தங்கிய வகுப்பை எனக்குக் கொடுத்துவிட்டார்களே என்று ஆண்டின் தொடக்கத்தில் முணுமுணுத்தவன் நான். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளியில் பாடம் நடத்தியவர்களுள் மூத்த மகள் ஐரீனும் ஒருவர். போர் தொடங்கியபோது அவருக்கு வயது பதினாறு. பெல்ஜியத்தில் ஊக்ஸ்டாடே என்னுமிடத்தில் இருந்த படை மருத்துவமனையில் ஊடுகதிர் நிலையத்தைத் தனியாகவே நடத்தினார். அங்கே ஒரு மருத்துவர், சிதறல் எந்தப் பக்கம் நுழைந்ததோ அந்தப் பக்கத்திலேயே தோண்டிக்கொண்டிருந்தாராம். படம் வேறிடத்தைக் காட்டுகிறது என்று இந்தப் பெண் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் அவள் சொன்ன இடத்தில் தேடியதும் சிதறல் உடனே அகப்பட்டது.

அவள் எப்படிச் சொன்னாள்? இது மந்திரமன்று, நாம் ஆறாம் ஆண்டில் நடத்தும் விகிதக் கணக்கு. ஒரே படம் நிழலைப் போன்றது. சிதறல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று காட்டும்; எவ்வளவு ஆழம் என்று காட்டாது. ஆகவே, வீரனை அசையாமல் கிடத்திவிட்டு, மேலே உள்ள ஊடுகதிர்க் குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாம் படம் எடுப்பார்கள். குழாய் இடப்பக்கம் நகர்ந்தால் நிழல் வலப்பக்கம் நகரும். குழாய் தகட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், அதை 8 சென்டிமீட்டர் நகர்த்தியபோது நிழல் 2 சென்டிமீட்டர் நகர்ந்ததாகவும் கொள்வோம். நிழலின் நகர்வு குழாயின் நகர்வில் நான்கில் ஒரு பங்கு. எனவே, தகட்டிலிருந்து சிதறலுக்குள்ள தொலைவும், சிதறலிலிருந்து குழாய்க்குள்ள தொலைவில் நான்கில் ஒரு பங்காகவே இருக்கும். ஐம்பதை ஒன்றுக்கு நான்காகப் பிரித்தால், சிதறல் தகட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. வடிவொத்த முக்கோணங்கள் இரண்டைக் கரும்பலகையில் வரைந்தால் பிள்ளைகளுக்கு நொடியில் விளங்கும். இதே ஐரீன் போர்க்காலத்திலேயே சோர்போன் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல் தேர்வுகளையும் எழுதித் தேறினார் என்பதைத் தேர்வுக் காலத்தில் சோர்ந்துபோகும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நம் மாணவனின் கையை அந்த இளம்பெண் ஏன் திருப்பி வைத்தார் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. கோணம் மாறினால் மறைந்தது தெரியும். முதல் படத்தில் எலும்பு நேராகவே இருந்தது. மெல்லிய முறிவு பக்கவாட்டுப் படத்தில்தான் தெரிந்தது. எந்தக் கோணம், எவ்வளவு கதிர், வலியில் துடிக்கும் குழந்தையை எப்படி அசையாமல் வைப்பது என்பனவெல்லாம் முடிந்த பிறகுதான் பொத்தான்.

அடுத்த வாரம் மகனை அழைத்துச் செல்லப் பள்ளிக்கு வந்த அந்தத் தந்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்த அம்மா எப்படி செத்தாங்க சார்?" என்றார்.

மறைக்க முடியுமா? மேரி கியூரி 1934 சூலை 4ஆம் நாள் இறந்தார். எலும்பு மச்சை குருதியை உண்டாக்கும் ஆற்றலை இழக்கும் நோய். ஐரீன் 1935இல் தம் கணவரோடு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1956இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 1995இல் மேரியின் உடலைப் பாரிஸின் பாந்தியன் நினைவாலயத்துக்கு மாற்றியபோது கல்லறையில் கதிரியக்கத்தை அளந்தனர். ரேடியத்தின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அவரை வீழ்த்தியது ரேடியத்தைவிடப் போர்க்காலத்து ஊடுகதிராக இருக்கக்கூடும் என்று அளந்தவர்கள் கருதினர். ஈய மறைப்புகள் அக்காலத்தில் இருந்தன. ஆனால் போதுமானவையாக இல்லை. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904லேயே கைகளை இழந்து மாண்டிருந்தார். இப்படி ஊடுகதிராலும் ரேடியத்தாலும் மடிந்தவர்களுக்கு 1936இல் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அதில் அன்று பொறிக்கப்பட்ட பெயர்கள் 169. பின்னர் மேலும் சேர்க்கப்பட்டன.

அந்தச் சாவுகளிலிருந்துதான் விதிகள் பிறந்தன. 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாடு, பாதுகாப்புக்கென்றே ஒரு பன்னாட்டுக் குழுவை அமைத்தது. இன்று படமெடுப்பவர் சுவருக்குப் பின்னால் நின்றுதான் பொத்தானை அழுத்துகிறார். அவர் சட்டையில் சிறு வில்லை ஒன்று தொங்கும். அவர்மேல் பட்ட கதிரின் அளவை அது சேர்த்து வைக்கும். அதைக் குறித்த காலத்தில் அளந்து பார்ப்பார்கள். நோயாளிக்கும் அச்சம் வேண்டா. ஒரு மார்புப் படத்தில் நாம் பெறும் கதிர், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சுமார் பத்து நாள்களில் இயல்பாகப் பெறும் அளவுதான்.

தந்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோசிக்கிறேன் சார்" என்று மட்டும் சொல்லிச் சென்றார். விண்ணப்பம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவருடைய கையொப்பம் இன்னும் விழவில்லை. வரும் சனிக்கிழமை தம்பியின் கையைப் பார்க்கும் சாக்கில் அவர்கள் வீட்டிற்குப் போகிறேன். அந்தச் சிதறல் கணக்கை நான் விளக்கப் போவதில்லை. அப்பாவின் முன்னால் மகளையே போட்டுக் காட்டச் சொல்லப் போகிறேன்.